ஜப்பானியம் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கான மெக்ஸ்ட் உதவித்தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் வெளிநாட்டு இளங்கலை மாணவர்களை ஜப்பான் அரசு தன் செலவில் ஏறக்குறைய ஓராண்டு அழைத்துப் படிக்க வைக்கிறது. நடத்துவது அந்நாட்டுக் கல்வி அமைச்சகமான மொன்புககாகுஷோ. வெளியுலகில் அதை மெக்ஸ்ட் என்ற சுருக்கப் பெயரில் அறிவார்கள். இத்திட்டத்தில் போகிறவர்களை ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் 'நிக்கென்செய்' என்பார்கள். ஆய்வு மாணவர், இளங்கலை மாணவர், ஆசிரியர் பயிற்சி எனப் பல பெயர்களில் மெக்ஸ்ட் உதவித்தொகை உண்டு. இங்கே பேசுவது நிக்கென்செய் பற்றி மட்டுமே.

இது பரிசா, உதவித்தொகையா?

பெயருக்கு உதவித்தொகை. நடைமுறையில், ஜப்பானியத் துறையில் நன்றாகப் படிக்கும் மாணவருக்குக் கிடைக்கும் பெரிய அங்கீகாரங்களில் ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், கட்டுரைப் பரிசு போல எழுதி முடித்த வேலைக்கு இதைக் கொடுப்பதில்லை. இனிமேல் ஓராண்டில் என்ன செய்யப்போகிறீர்கள், திரும்பி வந்து பட்டத்தை எப்படி முடிப்பீர்கள் என்பதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர் விடுபட்டு, ஐந்தாவது இடத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

ஜப்பானுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், ஜப்பானிய மொழி அல்லது பண்பாடு சார்ந்த துறையில் இளங்கலை படித்துக்கொண்டிருக்க வேண்டும். போகும்போதும் இளங்கலை மாணவர், திரும்பி வந்த பிறகும் இளங்கலை மாணவர்: இந்த நிபந்தனையில் சலுகையே கிடையாது. கிளம்பும் நேரத்தில் கல்லூரியில் குறைந்தது ஓராண்டு ஜப்பானியம் படித்து முடித்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தைக் கணக்கில் வைத்து 18 வயது நிறைந்து, 30 நிறையாதவராக இருக்க வேண்டும். ராணுவத்தில் இருப்பவர்கள், முன்பே நிக்கென்செய்யாகப் போய் வந்தவர்கள், அதே காலத்துக்கு வேறு அமைப்பிடம் உதவித்தொகை பெறுகிறவர்கள் ஆகியோருக்கு இல்லை.

இந்தியாவில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் ஜப்பானியம், சாந்திநிகேதனில் விஸ்வபாரதியின் நிப்பான் பவன் போன்ற இடங்களில் படிப்பவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம், மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜப்பானியத் துறை ஆகியவற்றின் மாணவர்கள் அவரவர் நாட்டு ஜப்பானியத் தூதரக அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: விண்ணப்பம் குடியுரிமையை ஒட்டிப் போகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் படிப்பவர் எந்தத் தூதரகத்தில் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

நான் பொறியியல் மாணவர். தனியாகப் படித்து, ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்2 நிலை தேறியிருக்கிறேன். முடியுமா?

முடியாது. சென்னையிலிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். பொறியியல், பொருளாதாரம், வேளாண்மை, கட்டடக்கலை, கலை போன்ற துறைகளை முதன்மையாகப் படித்துக்கொண்டு ஜப்பானியத்தைப் பக்கப்பாடமாக வைத்திருப்பவர்கள் இதற்குத் தகுதியற்றவர்கள் என்று மெக்ஸ்டின் விண்ணப்ப வழிகாட்டியே துறைகளின் பெயர் சொல்லி விலக்குகிறது. சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற ஜப்பானிய மொழி மையத்தில் படித்து, அத்தேர்வின் உச்ச நிலையான என்1 வரை போயிருந்தாலும், பட்டப்படிப்பு இயந்திரவியல் என்றால் இந்தக் கதவு திறக்காது. உங்களுக்கானது மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் பிரிவு. பட்டம் முடித்த பிறகு, உங்கள் துறையிலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

எந்த ஆண்டில் விண்ணப்பிப்பது?

தகுதி இருந்தும் கோட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள்.

மூன்றாண்டு பி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். ஜூலை அல்லது ஆகஸ்டில் முதலாண்டு தொடங்குகிறது. தூதரக அறிவிப்பு ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். தேர்வும் நேர்காணலும் அதையொட்டி நடக்கும். பயணம் செப்டம்பர் அல்லது அக்டோபரில். அப்படியானால் இரண்டாமாண்டின் நடுவில் விண்ணப்பித்து, இரண்டாமாண்டு முடிந்த கையோடு கிளம்பி, அடுத்த ஆண்டு திரும்பி மூன்றாமாண்டில் உட்கார வேண்டும். மூன்றாமாண்டில் விண்ணப்பித்தால், கிளம்பும்போது உங்கள் கையில் பட்டம் இருக்கும். அத்தோடு தகுதி போய்விடும். முதலாண்டில் விண்ணப்பிக்கச் சட்டப்படி வாய்ப்பு இருந்தாலும், பூஜ்யத்திலிருந்து தொடங்கியவருக்கு அரை ஆண்டு மொழிப் பயிற்சியோடு அந்தத் தேர்வைத் தாண்டுவது கடினம். ஆக, மூன்றாண்டுப் படிப்பில் உருப்படியாக விண்ணப்பிக்கக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. நான்காண்டுப் படிப்பில் இரண்டு.

இன்னொரு முடிச்சு உங்கள் கல்லூரியின் பக்கம் இருக்கிறது. ஓராண்டு விலகியிருந்து மீண்டும் சேரக் கல்லூரி விடுமா, அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும், விடுதி அறை என்னவாகும், இங்கே பெறும் கல்வி உதவி நிற்குமா என்பதை விண்ணப்பத்துக்கு முந்தைய செமஸ்டரிலேயே துறைத்தலைவரிடம் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வாகிவிட்ட பிறகு பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு நகரக் காத்திருப்பது பெரிய தலைவலி.

தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை: என்ன வித்தியாசம்?

தூதரக வழியில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உங்கள் நாட்டிலேயே நடக்கும். அதில் தேறியவர்களின் பட்டியல் மெக்ஸ்டுக்குப் போய், பிறகு பல்கலைக்கழகங்கள் ஏற்கும். பல்கலைக்கழக வழியில், உங்கள் கல்லூரியோடு பரிமாற்ற ஒப்பந்தம் வைத்துள்ள ஜப்பானியப் பல்கலைக்கழகமே உங்களை அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கும். தூதரகத் தேர்வு இல்லை, ஆனால் உங்கள் துறைக்குள்ளேயே யாரை அனுப்புவது என்ற போட்டி இருக்கும். ஒப்பந்தம் எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு இருக்கிறது என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரியும். கேட்காமலே ஆண்டை ஓட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எவ்வளவு ஜப்பானியம் தெரிந்திருக்க வேண்டும்?

ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் நடக்கும் வகுப்பைப் பின்தொடரும் அளவுக்கு. ஜேஎல்பிடி சான்றிதழ் இருந்தால் இணைக்கலாம். ஆனால் அது தூதரகத் தேர்வுக்கு மாற்று ஆகாது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் படிப்புக்கு என்2 அளவு, என்3 அளவு என்று தனித்தனியாக வரையறுத்திருக்கும். அதையும் பாருங்கள்.

என்2-இல் மொத்தம் 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் ஆகிய மூன்றிலும் தலா 60-க்கு 19 கட்டாயம். அந்தத் தேர்வில் பேசவும் எழுதவும் சொல்வதில்லை. அதனால் என்2 கையில் வைத்துக்கொண்டு நேர்காணலில் நான்கு வாக்கியம் கோர்வையாகச் சொல்ல முடியாமல் திணறுகிறவர்கள் உண்டு, என்3 மட்டும் இருந்தும் சரளமாகப் பேசுகிறவர்களும் உண்டு.

தேதியில் ஒரு சிக்கல்: டிசம்பர் ஜேஎல்பிடி முடிவு ஜனவரிக் கடைசியில்தான் வரும். உங்கள் தூதரகத்தின் கடைசி நாள் அதையொட்டி இருந்தால் காகிதச் சான்றிதழ் நேரத்துக்கு வராது. முந்தைய ஜூலையிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு. சென்னை போன்ற மையங்களில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

தூதரகத் தேர்வின் முந்தைய வினாத்தாள்கள் ஜப்பான் அரசின் வெளிநாட்டு மாணவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைந்தது மூன்று ஆண்டுத் தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். ஒரே தாளில் எளிய கேள்வியும் என்1 அளவுக் கேள்வியும் கலந்து வருவதால், முன்பகுதியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் நீண்ட வாசிப்புப் பத்திகளுக்கு நேரம் இருக்காது.

எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஆண்டுதோறும் 'கோர்ஸ் கைடு' என்ற கையேடு வெளியாகும். நிக்கென்செய்களை ஏற்கும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் பாடங்கள், ஏற்கும் எண்ணிக்கை, தேவைப்படும் மொழி அளவு, தங்குமிடம், இறுதிக் கட்டுரை உண்டா இல்லையா என்று அதில் எழுதியிருக்கும். படிப்புகள் இரண்டு வகை. ஒன்றில் ஜப்பானியச் சமூகம், பண்பாடு முதன்மை, மொழி துணை. மற்றதில் மொழிப் பயிற்சி முதன்மை, பண்பாடு துணை. விருப்ப வரிசையை நிரப்புவதற்கு முன் உங்களுக்கு எது தேவை என்று முடிவு செய்யுங்கள்.

நிறையப் பேர் தோக்கியோ என்ற ஊர்ப்பெயரைப் பார்த்தே வரிசை போடுகிறார்கள். அது சரியான வழி இல்லை. ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஜப்பானிய மொழி, பண்பாட்டு மையம் பழைய ஒசாகா அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் வழி வந்தது. 2007-இல் இரண்டும் இணைந்தன. இத்தகைய மாணவர்களை நீண்டகாலமாகக் கையாண்டுவரும் இடம் அது. சுகுபா, ஹிரோஷிமா, கனஸாவா, ஃபுகுவோகாவில் உள்ள கியூஷூ எனத் தலைநகருக்கு வெளியே நல்ல இடங்கள் பல. வாடகை குறைவு, பேராசிரியரை நேரில் பிடிப்பது எளிது, தெருவில் இறங்கினால் ஜப்பானியம் பேசியே ஆக வேண்டும். எடோ கால அச்சோவியம் பற்றி எழுத விரும்பினால், அத்துறை ஆசிரியர் இருக்கும் இடம்தான் உங்களுக்கு முதலிடம், ஊர் எதுவாக இருந்தாலும்.

ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதுவது விருப்பம்தான், இடத்தை ஒதுக்குவது அவர்கள். ஒதுக்கிய பிறகு மாற்றித் தரச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

'எதற்காகப் போகிறேன்' என்ற பகுதியில் என்ன எழுதுவது?

"சிறுவயதிலிருந்தே அனிமே பிடிக்கும்", "ஜப்பானியர்களின் ஒழுக்கம் பிடிக்கும்" என்று தொடங்கும் விண்ணப்பங்கள் குவிகின்றன. அனிமே பிடிப்பதில் தவறு இல்லை, விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. தலைப்பைக் குறுக்குங்கள். 'ஜப்பானிய மதம்' என்பது தலைப்பே இல்லை. 'ஜப்பானில் பென்சாய்தென் என்று வழிபடப்படும் தெய்வத்துக்கும் சரஸ்வதிக்கும் உள்ள தொடர்பை, காமகுரா அருகில் உள்ள எனோஷிமா தீவின் கோயிலை வைத்துப் பார்ப்பது' என்பது தலைப்பு. இடம் தெரிகிறது, பொருள் தெரிகிறது, ஏன் ஜப்பானுக்கே போக வேண்டும் என்பதும் தெரிகிறது. அதன் பிறகு இதுவரை என்ன படித்தீர்கள், ஓராண்டில் எதை முடிப்பீர்கள், உங்கள் பி.ஏ. இறுதியாண்டில் அது எங்கே போய்ச் சேரும் என்று மூன்று பத்தி போதும்.

ஜப்பானிய மொழியில் எழுதும்போது அடிக்கடி நடக்கும் பிழை நடைக் கலப்பு. 'தெசு, மாசு' என்று முடியும் பணிவு நடையும் 'தெ அரு' என்று முடியும் கட்டுரை நடையும் ஒரே பத்தியில் மாறி மாறி வரும். ஒன்றைப் பிடித்துக் கடைசிவரை போங்கள். ஆசிரியர் திருத்திக் கொடுத்த வாக்கியங்களை மட்டும் புதிதாகச் செருகும்போதுதான் இந்தக் கலப்பு வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததை அப்படியே ஒட்டினால், நேர்காணலில் அந்தச் சொல்லைப் பற்றியே கேட்பார்கள்.

என்னென்ன காகிதங்கள் தேவை?

விண்ணப்பப் படிவம், விருப்பப் பல்கலைக்கழகப் படிவம், மதிப்பெண் பட்டியல், இப்போது படித்துக்கொண்டிருப்பதற்கான சான்று, கல்லூரியிலிருந்து பரிந்துரைக் கடிதம், அவர்கள் தரும் படிவத்திலேயே மருத்துவச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம். எல்லாம் ஜப்பானியத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். கொடுத்தவை திரும்பி வராது, அசலைக் கேட்காத இடத்தில் அசலைக் கொடுக்காதீர்கள். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் யார் என்று அந்த ஆண்டு அறிவிப்பு என்ன சொல்கிறதோ அவரிடமே வாங்குங்கள். மருத்துவப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், மருத்துவர் முன்னாலேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். என்ன செய்வது?

தமிழர்களுக்கே உரிய சிக்கல். ஜப்பானியப் படிவங்கள் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். கல்லூரிப் பட்டியலில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணியன்', ஜேஎல்பிடி சான்றிதழில் 'கவிதா எஸ்' என்று மூன்று விதமாக இருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். மதிப்பெண் பட்டியல் மாறுபட்டால், கல்லூரியிடம் பெயர் ஒன்றே எனக் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். ஜப்பானில் தரும் குடியிருப்பு அட்டையில் பாஸ்போர்ட் பெயர்தான் வரும். வங்கிக் கணக்குக்கு, வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் பெயர் கேட்பார்கள். 'சுப்பிரமணியன்' போன்ற பெயரைக் கதகானாவில் எப்படி எழுதுவது என்று ஊரிலேயே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். வங்கியில் ஒரு வடிவம், பல்கலைக்கழக அலுவலகத்தில் இன்னொரு வடிவம் என்றால் பணம் வந்து சேராமல் திரும்பிப் போகும்.

பணம் எவ்வளவு கிடைக்கும்?

மாதம் 117,000 யென். சில பகுதிகளில் இருப்போருக்கு மாதம் 2,000 அல்லது 3,000 யென் கூடுதல். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும், அறிவிப்பில் உள்ளதே கணக்கு. கல்விக் கட்டணம் கிடையாது. போகவர சிக்கன வகுப்பு விமானச் சீட்டும் அவர்களே தருவார்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் செலவும், கூடுதல் பெட்டிக் கட்டணமும், காப்பீடும் உங்களுடையது.

பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் இந்தத் தொகையில் தாராளமாக இருக்கலாம். வெளியே தனியறை எடுத்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். முதல் மாதத்துப் பணம் போன உடனே கைக்கு வராது. கணக்குத் தொடங்கி, அலுவலக வேலை முடிந்துதான் வரும். அதுவரை படுக்கை, சமையல் சாமான், விடுதி முன்பணம், சைக்கிள் என எல்லாம் சொந்தக் காசு. ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலருக்குச் சமமான தொகையைக் கையோடு கொண்டுபோனால் சமாளிக்கலாம்.

போய் இறங்கியதும் செய்ய வேண்டியவை?

குடியிருப்பு அட்டையோடு நகராட்சி அலுவலகத்தில் 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள், கட்டாயம். சேர்ந்தபின் மருத்துவச் செலவில் நீங்கள் கட்டுவது 30 சதவீதம். இருபது வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டமும் வரும். கட்டணத்திலிருந்து விலக்குக் கோரும் மனுவை அதே வரிசையில் கொடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் வீட்டுக்கு நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும்.

பிறகு ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த மாத உதவித்தொகை இல்லை. மறந்துவிட்டேன் என்றால் ஏற்க மாட்டார்கள்.

பகுதிநேர வேலை பார்க்கலாமா?

குடிவரவுத் துறையிடம் அனுமதி வாங்கினால், படிப்புக் காலத்தில் வாரம் 28 மணி நேரம் வரை. விமான நிலையத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இருப்பதே ஓராண்டு, பல படிப்புகளில் இறுதிக் கட்டுரையும் உண்டு. கடையில் பாத்திரம் கழுவுவதற்கு அந்த நேரத்தைக் கொடுப்பது நட்டம்.

உதவித்தொகை எப்போது நிற்கும்?

விண்ணப்பத்தில் பொய் இருந்தால், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானால், மதிப்பெண் மிக மோசமாகி உரிய காலத்தில் முடிக்க முடியாது என்றானால், வேறு உதவித்தொகை பெற்றால், மாணவர் விசாவை இழந்தால். நீண்ட நாள் வகுப்புக்கு வராமலோ ஜப்பானுக்கு வெளியிலோ இருந்தால் அந்தக் காலத்துக்குப் பணம் வராது. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வருவதானால், பேராசிரியரிடமும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டு, கையெழுத்துத் தேதிக்குள் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள்.

முடிந்த பிறகு அங்கேயே தொடரலாமா?

நீட்டிப்பு இல்லை. திரும்பி வந்து பட்டத்தை முடிக்க வேண்டும். முடித்தபின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாக முன்பு மெக்ஸ்ட் பெற்றவர்கள் மீண்டும் பெறுவதற்குச் சில ஆண்டு இடைவெளியில் ஆய்வோ ஆசிரியப் பணியோ செய்திருக்க வேண்டும். நிக்கென்செய்யாகப் போய்வந்து சொந்த நாட்டில் பட்டம் முடித்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே எழுதிய இறுதிக் கட்டுரையை இங்கே பி.ஏ. ஆய்வேடாக வளர்த்து, அதே பேராசிரியரிடம் முதுகலைக்குப் போனவர்கள் பலர்.

எம்.ஏ. படிக்கிறேன். அல்லது சீனம், கொரியம் படிக்கிறேன். எனக்கு என்ன?

எம்.ஏ. மாணவருக்கு நிக்கென்செய் கிடையாது, ஆய்வு மாணவர் பிரிவைப் பாருங்கள். சீன மொழிக்கு, வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கான 'சீனப் பாலம்' போட்டி 2002 முதல் நடக்கிறது, அதில் பேச்சும் கலைத்திறனும் சேர்த்துப் பார்ப்பார்கள். சீனம் படிக்கத் தாய்வான் தரும் ஹுவாயூ உதவித்தொகையில் போனால், பல்கலைக்கழக மொழி மையத்தில் வாரம் குறைந்தது 15 மணி நேர வகுப்பு கட்டாயம். கொரியாவின் அரசு உதவித்தொகை முழுப் பட்டப்படிப்புக்கானது. முதலில் ஓராண்டு மொழிப் பயிற்சி இருக்கும், டோபிக் என்ற கொரிய மொழித்திறன் தேர்வில் ஐந்தாம் நிலை அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த ஓராண்டு தேவையில்லை.